ஆறு வாரம் புளோரன்ஸில் படிக்கப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டுப் பெட்டி கட்டுங்கள்

கோடைப் படிப்புக்கு என்று இத்தாலியின் புளோரன்ஸுக்குப் போகிற பலர், ஆறு வாரம் அங்கேயே இருந்தும், சுற்றுலா போய் வந்த மாதிரிதான் திரும்பி வருகிறார்கள். வார நாட்களில் வகுப்பு, வெள்ளி மதியம் ரயிலேறினால் வெனிஸ், அடுத்த வாரம் ரோம், அதற்கடுத்த வாரம் மிலான். என் முதல் இரண்டு வாரமும் அப்படித்தான் போயின. மூன்றாவது வாரம் காய்ச்சல் வந்து ஊரிலேயே தங்க வேண்டியதாயிற்று. அப்போதுதான் இந்த ஊர் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறது, எத்தனை மணிக்கு ஜன்னலைச் சாத்துகிறது, எப்போது மறுபடி தெருவுக்கு வருகிறது என்பதையே கவனித்தேன். அதன் பிறகு பக்கத்து ஊர்களைத் தவிர எங்கும் போகவில்லை, போகவும் தோன்றவில்லை. அந்த ஊரின் நேரத்துக்கு உங்கள் நேரத்தை முதல் வாரத்திலேயே மாற்றிக்கொள்ளுங்கள், மற்றதை அப்புறம் பார்க்கலாம். கீழே எழுதியிருப்பதெல்லாம் அதையொட்டித்தான்.

எப்போது, என்ன படிப்பு

ஜூன் முதல் வாரத்தில் தொடங்கும் வகுப்பு கிடைத்தால் யோசிக்காமல் எடுத்துவிடுங்கள். ஜூலையில் வெயில் ஏறிவிடும். ஆகஸ்ட் 15 ஃபெர்ராகோஸ்தோ விடுமுறை. அதற்கு முன்னும் பின்னும் ஊர்க்காரர்கள் கடலுக்கோ மலைக்கோ கிளம்பிவிடுவார்கள், தெருமுனை பேக்கரி, செருப்பு தைப்பவர், நீங்கள் பேசிப் பழகிய காபிக் கடைக்காரர் என்று ஒவ்வொருவராகக் கதவில் ஒரு காகிதத்தை ஒட்டிவிட்டுப் போய்விடுவார்கள். பேச ஆள் இல்லாத ஊரில் மொழி படிப்பது கஷ்டம். ஜூனில் போனால் ஜூன் 24-ம் கிடைக்கும். ஊரின் காவல் புனிதர் யோவானின் திருநாள் அது. சாந்தா குரோச்சே சதுக்கம் முழுக்க மணல் கொட்டி, கால்ச்சோ ஸ்தோரிகோ என்கிற பழைய பந்தாட்டத்தின் இறுதிப் போட்டியை நடத்துவார்கள். ஒரு அணிக்கு 27 பேர், பாதி பந்து, பாதி மல்யுத்தம். நான்கு பேட்டைக்கும் ஒவ்வொரு நிறம்: சாந்தா குரோச்சே நீலம், சாந்தா மரியா நொவெல்லா சிவப்பு, சாந்தோ ஸ்பிரிதோ வெள்ளை, சான் ஜொவான்னி பச்சை. நீங்கள் தங்கியிருக்கும் பேட்டை எந்த நிறம் என்று முன்பே தெரிந்துகொள்ளுங்கள், அந்த வாரம் எந்தக் கடையில் பேச்சுக் கொடுத்தாலும் அதுதான் முதல் கேள்வியாக வரும். அன்று இரவு வாணவேடிக்கை உண்டு, அர்னோ ஆற்றங்கரையில் நின்று பார்க்கலாம்.

படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது விளம்பரப் படத்தைப் பார்க்காமல் நான்கு விஷயத்தைக் கேளுங்கள்: வாரத்துக்கு எத்தனை மணி நேர வகுப்பு, ஒரு வகுப்பில் அதிகபட்சம் எத்தனை பேர், சேருமுன் நிலைத் தேர்வு வைத்துப் பிரிப்பார்களா, முடிவில் தரும் சான்றிதழில் மணி நேரமும் நிலையும் எழுதியிருக்குமா. கிரெடிட் தருகிறோம் என்றால் கொஞ்சம் கணக்குப் போடுங்கள். ஐரோப்பாவின் ஈசிடிஎஸ் முறையில் ஒரு முழு வருடப் படிப்புக்கு 60 கிரெடிட், ஒரு கிரெடிட் என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பு. நான்கு வாரத்தில் 20 கிரெடிட் என்று யாராவது சொன்னால் குறைந்தது 500 மணி நேரம், அதாவது ஞாயிறும் சேர்த்து ஒரு நாளைக்குப் பதினெட்டு மணி நேரம் படிக்க வேண்டும். நடக்கிற காரியமா? உங்கள் கல்லூரி அந்தக் கிரெடிட்டை ஏற்குமா என்பதையும் கிளம்பும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், திரும்பி வந்த பிறகு கேட்டால் அலைச்சல்தான்.

நீங்கள் கலை வரலாறோ, ஓவியமோ, தோல் வேலையோ எது படிக்கப் போனாலும் முதல் இரண்டு வாரம் காலையில் இத்தாலிய மொழி வகுப்பு ஒன்று எடுங்கள். இதை நான் வற்புறுத்தியே சொல்வேன். இன்றைய பொது இத்தாலிய மொழிக்கு அடித்தளம் 14-ம் நூற்றாண்டுப் புளோரன்ஸ் பேச்சுதான். அந்த மொழிக்குக் காவலாக 1583-ல் தொடங்கிய குரூஸ்கா கழகம் இன்றும் இந்த ஊரில்தான் இயங்குகிறது. அந்த மொழியை அது பிறந்த தெருவிலேயே கேட்டுப் படிக்கும் வாய்ப்பு வரும்போது விடக்கூடாது.

காகித வேலை

இந்திய, இலங்கை பாஸ்போர்ட் என்றால் ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா வேண்டும். சிங்கப்பூர், மலேசியப் பாஸ்போர்ட்காரர்கள் 90 நாள் வரை விசா இல்லாமல் போகலாம். எந்தப் பாஸ்போர்ட்டாக இருந்தாலும் 180 நாளில் 90 நாளுக்கு மேல் இருக்க முடியாது. அதைத் தாண்டும் படிப்பென்றால் தேசிய விசா, போய்ச் சேர்ந்த எட்டு வேலை நாளுக்குள் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பம் என்று கதையே வேறு. ஆறு வாரத்துக்கு ஷெங்கன் போதும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசி வரம்பு 15 நாள். ஆனால் கோடைக்கு முன்னால் நேரம் வாங்குவதே பெரிய பாடு என்பதால் பிப்ரவரி, மார்ச்சிலேயே வேலையைத் தொடங்குங்கள். கட்டணம் 90 யூரோ. மருத்துவ இன்சூரன்ஸ் குறைந்தது 30,000 யூரோவுக்கு, ஷெங்கன் நாடுகள் எல்லாவற்றுக்கும் செல்லும்படி இருக்க வேண்டும். வகுப்பில் சேர்ந்ததற்கான கடிதத்தில் தொடங்கும் தேதி, முடியும் தேதி, கட்டணம் செலுத்தியாயிற்று என்ற வரி, இந்த மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒன்று பலருக்குத் தெரிவதில்லை. நேரே இத்தாலியில் இறங்காமல் வேறு ஷெங்கன் நாடு வழியாக வந்தால், வந்த எட்டு நாளுக்குள் குவெஸ்தூரா என்கிற காவல் அலுவலகத்தில் வந்திருக்கிறேன் என்று தெரிவிக்க வேண்டும். ஹோட்டலில் தங்கினால் அங்கே செய்யும் பதிவே போதும். தனி வீட்டில் தங்கினால், வெளிநாட்டவரைத் தங்கவைக்கும் வீட்டுக்காரர் 48 மணி நேரத்துக்குள் காவல்துறைக்குத் தெரிவிப்பது அவர் கடமை. அவர் அதைச் செய்துவிட்டாரா என்று கேட்டு ஒரு நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வீடு

துவோமோ பேராலயத்துக்குப் பக்கத்துத் தெருவில் அறை கிடைத்தாலும் எடுக்காதீர்கள். வாடகையும் அதிகம், இரவு இரண்டு மணி வரை சத்தமும் அதிகம், காய்கறி வாங்க ஒரு கடை இருக்காது. ஆற்றுக்குத் தெற்கே ஓல்த்ரார்னோவில் சான் ஃப்ரெதியானோ பக்கம், அல்லது கிழக்கே சாந்த் அம்ப்ரோஜோ சந்தைப் பக்கம் கிடைத்தால் பாக்கியம். மலிவாக வேண்டுமென்றால் டிராம் தடத்தை ஒட்டிய நொவோலி, அல்லது ரிஃப்ரெதி, காம்போ தி மார்தே பக்கம் பாருங்கள். ஊர் சின்னது, எங்கிருந்தாலும் மையத்துக்குக் கால் மணி, அரை மணியில் வந்துவிடலாம். வீடியோவில் அறையைக் காட்டாமல் முன்பணம் கேட்கிறவர் யாராக இருந்தாலும் பணம் அனுப்பாதீர்கள். என் வகுப்பில் ஒருவர் இரண்டு மாத வாடகையை அனுப்பிவிட்டு வந்து பார்த்தால் அந்த முகவரியில் அப்படி ஒரு வீடே இல்லை.

முகவரி என்றதும் சொல்ல வேண்டியது: இந்த ஊரின் பழைய தெருக்களில் ஒரே எண் இரண்டு முறை வரும். வீடுகளுக்குக் கறுப்பு அல்லது நீல எண், கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் சிவப்பு எண், இரண்டு வரிசையும் தனித்தனியாக ஓடும். முகவரியில் எண்ணுக்குப் பின்னால் ஆர் என்ற எழுத்து இருந்தால் அது ரோஸ்ஸோ, சிவப்பு. சிவப்பு 25-ம் கறுப்பு 25-ம் ஒரே தெருவில் நூறு இருநூறு மீட்டர் தள்ளி இருக்கும். முதல் நாள் பெட்டியை இழுத்துக்கொண்டு கற்பாவிய தெருவில் நடக்கும்போது இது தெரிந்திருந்தால் எவ்வளவோ நல்லது.

வீட்டில் மூன்று விஷயம் கேளுங்கள். லிஃப்ட் உண்டா, எத்தனையாவது மாடி, ஏசி உண்டா. பழைய கட்டடங்களில் மூன்றாவது மாடி என்பது எண்பது படிக்குக் குறையாது. ஏசி இருந்தாலும் ஒரு சிக்கல்: இத்தாலிய வீடுகளில் மின் இணைப்பு பெரும்பாலும் 3 கிலோவாட்தான். ஏசி ஓடும்போது துணி துவைக்கும் மெஷினையும் மின்சார ஓவனையும் சேர்த்துப் போட்டால் மொத்த வீடும் அணைந்துவிடும். சுவிட்ச் பெட்டி எங்கே இருக்கிறது என்று சாவி வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள், சில கட்டடங்களில் அது கீழே வாசல் பக்கத்தில் இருக்கும். பிளக் வரிசையாக மூன்று உருண்டைக் கம்பி கொண்டது, அடாப்டர் இரண்டு எடுத்துப் போங்கள்.

ஏசி இல்லாமலும் அந்த வீடுகளில் இருக்க முடியும், அதற்கு ஜன்னலைக் கையாளத் தெரிய வேண்டும். முதல் வாரம் நான் காற்றுக்காகக் காலை பத்து மணிக்கு ஜன்னலை விரியத் திறந்து வைத்திருந்தேன். கீழ் வீட்டு அம்மா தெருவிலிருந்து அண்ணாந்து பார்த்துவிட்டு மூன்று மாடி ஏறி வந்து, 'மூடுங்கள், மூடுங்கள்' என்று தன் மொழியில் சொல்லிக்கொண்டே நேரே உள்ளே வந்து, வெளிப்பக்கப் பச்சை மரக் கதவுகளை இழுத்துச் சாத்தினார். பெர்ஸியானே என்று அதற்குப் பெயர். சாய்வாக அடுக்கிய பலகைகளின் இடுக்கில் வெளிச்சம் கோடு கோடாகத் தரையில் விழுந்தது. அப்புறம் அந்தக் கதவின் கீழ்ப்பாதியை மட்டும் வெளிப்பக்கம் தள்ளி ஒரு சின்ன கம்பியால் முட்டுக் கொடுத்தார். வெயில் உள்ளே வராது, தெரு தெரியும், கொஞ்சம் காற்றும் வரும். காலை ஏழரைக்குள் எல்லாவற்றையும் சாத்த வேண்டும், இரவு ஒன்பதுக்கு மேல் எல்லாவற்றையும் திறக்க வேண்டும். அந்தத் தடித்த கற்சுவர் இரவில் வாங்கிய குளிர்ச்சியைப் பகலெல்லாம் வைத்திருக்கும். மறுநாளிலிருந்து என் அறையில் மதியம் தூங்க முடிந்தது. இரவு திறக்கும்போது கொசு வரும், பகலிலேயே கடிக்கும் வரிப்புலிக் கொசுவும் உண்டு, அதனால் மருந்துக்கடையில் பூசுவதற்கு ஒரு மருந்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நாளைப் பிரிப்பது

புளோரன்ஸ் குன்றுகளுக்கு நடுவே பள்ளத்தில் இருக்கிறது, காற்று வராது. ஜூலையில் 35 டிகிரியைத் தாண்டும் நாட்கள் சாதாரணம். சுகாதார அமைச்சகம் நகரவாரியாக வெப்ப எச்சரிக்கை வெளியிடும். சிவப்பு என்று வந்தால் மதியம் வெளியே சுற்றும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள்.

ஆறரைக்கு எழுந்துவிடுங்கள். ஏழு மணிக்குச் சிக்னோரியா சதுக்கம் வழியாக நடந்து பாருங்கள். தெரு கழுவும் வண்டியும், கடைகளுக்குச் சரக்கு இறக்குகிறவர்களும் தவிர யாரும் இருக்க மாட்டார்கள், பத்து மணிக்கு அதே இடத்தில் கால் வைக்க இடம் இருக்காது. அந்த ஒரு மணி நேரம்தான் ஊர் உங்களுடையது. ஒன்பது முதல் ஒரு மணி வரை வகுப்பு. சாப்பிட்டுவிட்டு நாலு மணி வரை வீடு, கதவு சாத்திய அறை, தூக்கம், வீட்டுப்பாடம். தூக்கம் வராது என்றால் ஓப்லாத்தே நூலகத்துக்குப் போங்கள். பழைய கன்னியர் மடத்தில் இருக்கும் பொது நூலகம், யார் வேண்டுமானாலும் போகலாம், மேல்மாடியில் ஒரு காபிக் கடை, அங்கே உட்கார்ந்தால் பேராலயத்தின் செங்கல் குவிமாடம் நேரெதிரே நிற்கும். நான் இத்தாலிய வினைச்சொற்களை மனப்பாடம் செய்ததெல்லாம் அந்த மாடியில்தான். ஆறு மணிக்கு மேல் மறுபடி தெரு. ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும், ஊர்க்காரர்கள் சாந்தோ ஸ்பிரிதோ சதுக்கத்துப் படிகளில் வந்து உட்காருவார்கள், நீங்களும் போய் உட்காருங்கள்.

தண்ணீர் பாட்டில் ஒன்று கையில் இருக்கட்டும். ஃபொந்தனெல்லோ என்கிற இலவசக் குடிநீர்க் குழாய்கள் ஊரெங்கும் உண்டு, சிக்னோரியா சதுக்கத்தில் நெப்டியூன் சிலைக்குப் பக்கத்திலேயே ஒன்று இருக்கிறது, சாதாத் தண்ணீரும் வரும், காஸ் போட்ட தண்ணீரும் வரும்.

மொழி: தமிழ் காதுக்கு இங்கே ஒரு லாபம்

இதை எந்த வகுப்பிலும் சொல்ல மாட்டார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். இத்தாலிய மொழியில் ஒற்றை மெய்யும் இரட்டை மெய்யும் வேறு வேறு. நோனோ என்றால் ஒன்பதாவது, நொன்னோ என்றால் தாத்தா. கபெல்லோ என்றால் தலைமுடி, கப்பெல்லோ என்றால் தொப்பி. வகுப்பில் ஆங்கிலம், ஜெர்மன் பேசுகிறவர்கள் இந்த வித்தியாசத்தைப் பிடிக்க வாரக் கணக்கில் திணறுவார்கள். நமக்குக் கனியும் கன்னியும் வேறு என்று பால்குடி வயதிலேயே தெரியும். வார்த்தைகள் பெரும்பாலும் உயிரில் முடிவதும் நமக்குப் பழக்கம்தான். ஆகவே உச்சரிப்பைப் பற்றிக் கூச்சப்படாமல் முதல் நாளிலிருந்தே வாயைத் திறங்கள்.

இன்னொன்று அதைவிட அழகு. புளோரன்ஸ்காரர்கள் பேசும்போது இரண்டு உயிருக்கு நடுவில் வரும் ககரம் ஹகரமாகிவிடும். வீடு என்பதற்கு 'லா காசா' என்று புத்தகத்தில் இருக்கும், அவர்கள் 'லா ஹாசா' என்பார்கள். நண்பன் 'அமீகோ', அவர்கள் வாயில் 'அமீஹோ'. மற்ற ஊர் இத்தாலியர்கள் இதைச் சொல்லி அவர்களைக் கேலி செய்வதும் உண்டு. நாம் மகன், முகம், அகம் என்று எழுதிவிட்டு எப்படிச் சொல்கிறோம் என்று ஒரு தரம் சொல்லிப் பாருங்கள். நடுவில் வரும் ககரத்தை நாமும் அப்படித்தான் மெலிய விடுகிறோம். இது தெரிந்த அன்று சந்தையில் தக்காளி விற்கிற பெரியவர் பேசியது எனக்குத் திடீரென்று புரிய ஆரம்பித்தது. கேட்பதற்கு இதை வைத்துக்கொள்ளுங்கள், பேசும்போதும் தேர்விலும் மட்டும் ககரத்தைக் ககரமாகவே சொல்லுங்கள்.

பெரியவர்களிடமும் கடைக்காரரிடமும் 'லேய்' என்கிற மரியாதைச் சொல், வகுப்புத் தோழர்களிடம் 'தூ'. நீங்கள், நீ வித்தியாசம் நமக்கு ரத்தத்தில் இருப்பதால் எங்கே எது என்று குழப்பம் வராது, வினைச்சொல்லைத்தான் படர்க்கைக்கு மாற்றப் பழக வேண்டும். கடைக்குள் நுழைந்தால் வணக்கம் சொல்லாமல் பொருளைத் தொடாதீர்கள். காலையில் 'புவோன்ஜோர்னோ'. மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டினாலே இந்த ஊரில் 'புவோனசேரா' ஆகிவிடும். நீங்கள் தட்டுத் தடுமாறி இத்தாலியனில் ஆரம்பித்ததும் எதிரில் இருப்பவர் ஆங்கிலத்துக்குத் தாவுவார், உதவுகிற எண்ணத்தில்தான். 'போஸ்ஸோ ப்ரொவாரே இன் இதாலியானோ?', இத்தாலியனில் முயன்று பார்க்கட்டுமா என்று கேளுங்கள். மறுத்தவர் ஒருவரும் இல்லை.

அப்புறம் ஒரே காபிக் கடைக்குத் தினமும் போங்கள். வேறு நல்ல கடை இருக்கிறது என்று யார் சொன்னாலும் போகாதீர்கள். நாலாவது நாள் உங்களைக் கண்டதும் கேட்காமலே கோப்பையை வைப்பார், பத்தாவது நாள் எந்த ஊர் என்று கேட்பார், மூன்றாவது வாரம் அவருடைய மகளின் பரீட்சை வரை தெரிந்துவிடும். அதுதான் உங்கள் இரண்டாவது வகுப்பறை. கட்டணம் ஒன்றரை யூரோவுக்குள், நின்றுகொண்டே குடித்தால். உட்கார்ந்தால் பல இடங்களில் விலை ஏறும், பெரிய சதுக்கங்களில் பல மடங்கு ஏறும்.

பார்க்க வேண்டியதை எப்படிப் பார்ப்பது

உஃபிட்ஸி, அக்காதேமியா என்கிற கலைக்கூடங்கள் இரண்டுக்கும் திங்கள் விடுமுறை. இரண்டுக்கும் நேரம் குறித்த டிக்கெட்டை முன்பே எடுத்துவிடுங்கள். மாணவர் சலுகையைப் பெரிதாக நம்ப வேண்டாம்: அரசு அருங்காட்சியகங்களில் 2 யூரோ டிக்கெட் 18 முதல் 25 வயது வரையான ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்குத்தான், 18-க்குக் கீழே யாராக இருந்தாலும் இலவசம். மாதத்தின் முதல் ஞாயிறு எல்லாருக்கும் இலவசம், ஆனால் அன்று உஃபிட்ஸி பக்கம் போகாதீர்கள், வரிசையிலேயே பாதி நாள் போய்விடும். அன்றைக்கு பார்ஜெல்லோ அருங்காட்சியகத்துக்குப் போய் சிற்பி தொனாத்தெல்லோவின் வெண்கலச் சிற்பங்களை நிதானமாகப் பாருங்கள். ஆறு வாரம் இருப்பவர்களுக்கு உஃபிட்ஸியின் ஆண்டு அட்டை நல்லது. மூன்று நாள் சுற்றுலா அட்டைகள் உங்களுக்கு வேண்டாம். ஆண்டு அட்டை இருந்தால் ஒரு நாளைக்கு இரண்டே அறை, ஒரு மணி நேரம் என்று போய் வரலாம். இந்த மொத்தத் தொகுப்பும் ஊரை விட்டுப் போகாமல் இருப்பதற்கு ஒரு பெண்தான் காரணம். இந்த ஊரை ஆண்ட மெதிச்சி குடும்பத்தின் கடைசி வாரிசு ஆன்னா மரியா லூயிசா 1737-ல் ஆட்சி கைமாறும்போது, எங்கள் கலைப் பொருட்கள் இந்த ஊரை விட்டு வெளியே போகக்கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினார். அவர் எழுதி வாங்கியிருக்காவிட்டால் இந்த ஊருக்குக் கலை படிக்க யாரும் வர வேண்டியிருக்காது.

பேராலயத்தின் குவிமாடத்தில் ஒரு தரம் ஏறியே ஆக வேண்டும். 463 படி, லிஃப்ட் கிடையாது, நேரம் குறித்துத்தான் விடுவார்கள், காலை முதல் நேரத்தையே எடுங்கள். கட்டடக் கலைஞர் ப்ருனெல்லெஸ்கி 1420-ல் தொடங்கி 1436-ல் முடித்த இந்தக் குவிமாடம், தரையிலிருந்து சாரம் எழுப்பித் தாங்காமல் கட்டியது. உள்ளோடு, வெளியோடு என்று இரண்டு அடுக்கு, படிகள் அந்த இரண்டுக்கும் நடுவே போகும். பாதி வழியில் மூச்சு வாங்க நிற்கும்போது கைக்கெட்டும் தூரத்தில் செங்கல்லைப் பாருங்கள். படுக்கை வரிசைக்கு நடுவே இடைவெளி விட்டு விட்டுச் சில கற்களை நெட்டுக்குத்தாக நிறுத்தியிருப்பார்கள், மீன் முள் மாதிரி சாய்ந்து சுழன்று மேலே போகும். ஈரச் சாந்தில் வைத்த கல் உள்ளே வழுக்கி விழாமல், அடுத்த வரிசை வரும் வரை அந்த நெட்டுக் கல்தான் பிடித்துக்கொண்டது. கட்டடம் படிக்கிறவர்கள் அந்த இடத்தில் பத்து நிமிடம் நின்றாலும் பின்னால் வருகிறவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், அவர்களுக்கும் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்.

காசு கொடுக்காமல் பார்க்கக் கிடைப்பதும் ஏராளம். ஒஞ்ஞிஸ்ஸாந்தி கோயிலில் ஓவியர் போத்திச்செல்லியின் கல்லறை இருக்கிறது, சாந்தா ஃபெலிச்சித்தாவில் பொந்தோர்மோவின் ஓவியம், சாந்த் அப்பொல்லோனியாவில் சுவர் முழுக்க கஸ்தாஞ்ஞோவின் கடைசி இராவுணவு. கட்டணம் உள்ள இடங்களில் சான் மார்கோ மடத்தை மட்டும் இரண்டு தரம் பாருங்கள். ஒவ்வொரு துறவியின் சிற்றறையிலும் ஃப்ரா ஆஞ்செலிகோ ஒரு சுவரோவியம் வரைந்து வைத்திருக்கிறார், ஒரு அறைக்கு ஒரு படம், ஒரு சின்ன ஜன்னல், வேறொன்றுமில்லை. கோயில்களுக்குப் போகும்போது தோளும் முட்டியும் மூடியிருக்க வேண்டும், பையில் ஒரு துண்டு வைத்துக்கொண்டால் போதும்.

நடந்து போகும்போது சுவரையும் பாருங்கள். வீயா தெய் நேரியும் வீயா சான் ரெமீஜோவும் சேரும் முனையில் இரண்டு வெள்ளக் குறிகள் இருக்கின்றன. ஒன்று 1333 நவம்பர் 4, இன்னொன்று 1966 நவம்பர் 4. இரண்டும் உங்கள் தலைக்கு மேலே வெகு உயரத்தில். 1966 வெள்ளத்தில் தேசிய நூலகத்தின் புத்தகங்கள் சேற்றில் மூழ்கியபோது பல நாட்டிலிருந்தும் இளைஞர்கள் வந்து கைமாற்றிக் கைமாற்றி அள்ளிக் கரைசேர்த்தார்கள், சேற்றுத் தேவதைகள் என்று இன்றும் ஊர் அவர்களைச் சொல்கிறது. அவர்களில் நிறையப் பேர் உங்களைப் போல அங்கே படிக்க வந்த வெளிநாட்டு மாணவர்கள்.

சாப்பாடு, பணம்

வீட்டில் சமைப்பதுதான் கட்டுப்படியாகும். சாந்த் அம்ப்ரோஜோ சந்தைக்குக் காலையிலேயே போய்விடுங்கள், ஞாயிறு கிடையாது. சூப்பர் மார்க்கெட்டில் பழம் எடுக்கும் முன் அங்கே வைத்திருக்கும் பிளாஸ்டிக் கையுறையைப் போட்டுக்கொள்ள வேண்டும், எண்ணை அழுத்தி நீங்களே எடை போட்டு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும், ஒட்டாமல் போனால் பில் போடும் இடத்தில் வரிசையே நிற்கும். ரொட்டியில் உப்பே இருக்காது, புளோரன்ஸ் இருக்கும் தோஸ்கானா மாநில வழக்கம் அது, குழம்பு மாதிரி எதிலாவது தோய்த்துச் சாப்பிடத்தான் அந்த ரொட்டி. சைவம் சாப்பிடுகிறவர்களுக்குத் தக்காளியும் ரொட்டியும் சேர்த்துக் காய்ச்சிய பாப்பா அல் பொமொதோரோ, கோடைக்கு ஏற்ற பன்ஸனெல்லா என்கிற ரொட்டி சாலட் இரண்டும் இருக்கின்றன. சூப் வகைகளில் மட்டும் இறைச்சிச் சாறு சேர்த்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள். உணவகத்தில் பில்லில் கொபெர்த்தோ என்று தலைக்கு இரண்டு மூன்று யூரோ வரும், அது இருக்கை கட்டணம், ஏமாற்று இல்லை.

ஏடிஎம்மில் உங்கள் நாட்டுப் பணத்தில் கணக்கிடவா என்று கேட்டால் வேண்டாம் என்று யூரோவையே தேர்ந்தெடுங்கள். பஸ், டிராம் டிக்கெட்டைக் கார்டைத் தட்டியே எடுக்கலாம். வட்டார ரயிலில் காகித டிக்கெட் என்றால் ஏறுமுன் நடைமேடையில் உள்ள மெஷினில் முத்திரை குத்த மறக்காதீர்கள், டிக்கெட் கையில் இருந்தும் அபராதம் கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். தெருவில் விரித்து விற்கும் போலிப் பிராண்டு பைகளை வாங்கினால் வாங்கியவருக்கும் அபராதம், தொடவே வேண்டாம். அவசரத்துக்கு 112.

பக்கத்து ஊர்கள்

ஞாயிற்றுக்கிழமைக்கு ஃபியேசோலே போதும். சான் மார்கோ சதுக்கத்திலிருந்து 7-ம் எண் பஸ், அரை மணிக்குள் குன்றின் மேல் இருப்பீர்கள், காற்று வீசும், ரோமானியர் கட்டிய திறந்தவெளி அரங்கம் இருக்கிறது. சியேனாவுக்கு ரயிலைவிட பஸ் நல்லது, ரயில் நிலையம் மலையடியில் இருக்கிறது, பஸ் ஊர் ஓரம் வரை ஏறும். ஜூலை 2, ஆகஸ்ட் 16 இரண்டு நாளும் அங்கே பாலியோ குதிரைப் பந்தயம். லூக்காவில் சைக்கிள் எடுத்து நான்கு கிலோமீட்டருக்கு மேல் நீளும் கோட்டைச் சுவரின் மேலேயே ஊரைச் சுற்றலாம். எல்லாம் ஒரு நாளில் போய் வந்துவிடுகிற தூரம், இரவு உங்கள் ஜன்னலைத் திறக்க நேரத்துக்குத் திரும்பிவிடலாம்.

கிளம்பும் வாரம்

கடைசி வகுப்புக்கு முந்தைய வாரமே சான்றிதழைக் கேளுங்கள். மணி நேரம், நிலை, கிரெடிட், முத்திரை, கையொப்பம் எல்லாம் இருக்கிறதா, பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி இருக்கிறதா என்று அங்கேயே நின்று சரிபாருங்கள். ஆகஸ்டில் அலுவலகம் மூடிவிட்டால் செப்டம்பர் வரை மின்னஞ்சலுக்குப் பதில் வராது. வீட்டு முன்பணத்துக்கு, வந்த அன்று எடுத்த புகைப்படங்களையும் கிளம்பும் அன்று எடுத்ததையும் வீட்டுக்காரர் முன்னாலேயே வைத்துப் பாருங்கள். ஒரே கடையில் ஒரே பில்லில் 70 யூரோவுக்கு மேல் வாங்கியிருந்தால், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர்களுக்கு வரி திரும்பக் கிடைக்கும். கடையில் அதற்கான படிவத்தை வாங்கி, விமான நிலையத்தில் பெட்டியைப் போடும் முன் சுங்கத்தில் காட்டி உறுதிசெய்துகொள்ள வேண்டும், அதற்கு ஒரு மணி நேரம் கூடுதலாக ஒதுக்குங்கள். காபிக் கடைக்காரரிடம் நாளைக்குக் கிளம்புகிறேன் என்று முந்தைய நாளே சொல்லிவிடுங்கள், அன்றைக்குக் காபிக்குக் காசு வாங்க மாட்டார்.